மலேரியா புகட்டிய பாடம்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்பன அந்நான்கும் ஆம். ஒரு மனிதனுக்கு நோய் வருங்கால் இவ்வகுப்புப் போதுமானது. ஒரு நாடே நோயுறுமாயின் என் செய்வது? அப்பொழுது நோயாளி மக்கள். தீர்க்கக் கடமைப்பட்டது அரசு. மருந்தாவன சட்டமும் பணமும் ஆளணியும். அருகிருந்து, நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, செய்யத்தக்கது இன்னது என்று எடுத்துரைப்பவன் யார்? அவனையே இக்காலத்தார் விஞ்ஞான ஆலோசகன் என்பர்.

அவன் சொல் எவ்வாறு பிறக்கின்றது, அரசின் செவியில் எவ்வாறு ஏறுகின்றது, எப்பொழுது ஏறாமற் போகின்றது என்பவற்றை ஆராய்வது இன்று பல்கலைக்கழகங்களிலே தனியொரு கல்வித்துறையாக வளர்ந்துள்ளது. இளம் ஆராய்ச்சியாளர் பலர் அத்துறையிற் புகுகின்றனர். நம் கல்லூரி மாணவருள்ளும் சிலர் நாளை அவ்வழிச் செல்லக்கூடும். அவர்களை எண்ணியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. இதற்கு வேண்டிய உதாரணத்தைத் தேடி நாம் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை. நம் தீவின் மலேரியா வரலாறே போதுமானது. அவ்வரலாற்றின் கடைசி அத்தியாயம் நம் வீட்டுக் கிணற்றடியில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றது.

பெருங்கொள்ளை நோய்

வன்னிக்குப் போனவன் காய்ச்சலோடு திரும்புவான் என்பது நம் முன்னோர் நன்கறிந்த செய்தி. அதன் காரணத்தை அவர்கள் நீரின்மேலும் காற்றின்மேலும் ஏற்றினர். 1897 ஆம் ஆண்டில் செக்கந்தராபாத்திலே பணியாற்றிய இறொனால்ட் றொஸ் என்னும் மருத்துவர், மலேரியாக் கிருமி நுளம்பின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். இலங்கையில் 1911 இல் குருநாகலிலே முதலாவது மலேரியாத் தடை நிலையம் அமைக்கப்பட்டது. பின்னர் காட்டர் என்னும் பூச்சியியலறிஞர் முதலானோரின் ஆராய்ச்சியால், இத்தீவில் நோயைப் பரப்புவது அனோபிலிசு குலிசிபேசிசு என்னும் நுளம்பே என்பது தெளிவாயிற்று. அது ஓடும் ஆற்றில் முட்டையிடுவதில்லை. ஆறு வற்றித் தேங்கி நிற்கும் குட்டைகளிலே, வெயில் படும் தெளிந்த நீரிலே முட்டையிடுவது.

இவ்வறிவு ஏட்டில் இருந்தது. 1934 ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. மழை மிகுந்த பகுதியாகையால் கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் மக்களிற் பலர் முன்பு மலேரியாவை அறியாதவர், நோயெதிர்ப்பு அற்றவர். அவ்வாண்டின் இறுதியிலே தொடங்கிய கொள்ளைநோய் 1935 இன் நடுப்பகுதி வரையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அக்காலத்தில் நாட்டின் குடிசனம் 55 இலட்சமளவினதே.

காரணம் என்னவென்ற வினா எழுந்தது. நுளம்பும் வறட்சியும் என்றனர் அரசாங்க நிபுணர். அவ்வேளையில் சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த தொண்டர்கள், டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலானோர், கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் கொடுத்தனர். அவர்கள் கண்டது வேறொன்று. குயினைன் மட்டும் கொடுத்தாற் போதாது. வயிற்றில் ஒன்றுமில்லாதவன் காய்ச்சலைத் தாங்கமாட்டான் என்றனர் அவர்கள். இருசாராரும் உண்மையே உரைத்தனர். நோயைக் கொண்டுவந்தது நுளம்பு. நோயைச் சாவாக்கியதிலே பசிக்கும் பெரும் பங்கு உண்டு. ஆய்வுகூடத்தில் இருப்பவன் காண்பதொன்று. குடிசை வாயிலில் நிற்பவன் காண்பதொன்று. ஆலோசகன் இருவர் சொல்லையும் கேட்டல் வேண்டும் என்பது முதலாவது பாடம்.

பதினேழு

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் டி.டி.ரீ. என்னும் பூச்சிகொல்லி கைக்கு வந்தது. 1946 இலே நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் அதனைத் தெளிக்கத் தொடங்கினர். ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 20 ஆக இருந்த இறப்புவீதம் அடுத்த ஆண்டிலே 14 ஆக வீழ்ந்தது. உலகம் வியந்தது. வீழ்ச்சி முழுவதும் டி.டி.ரீ.யின் செயலே என்றனர் சிலர். போர்க்காலப் பஞ்சம் நீங்கி உணவு கிடைத்தமையும், வைத்தியசாலைகள் பெருகியமையும் சேர்ந்தே இவ்விளைவைத் தந்தன என்றனர் வேறு சிலர். பொருளியலறிஞரும் குடித்தொகை ஆய்வாளரும் இதுபற்றிப் பல ஆண்டுகள் வாதிட்டனர். நோய் குறைந்தது என்பதில் ஐயமில்லை. எதனாற் குறைந்தது என்பதில் ஐயம் இருந்தது. அரசினருக்கு இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் காரணத்தைப் பிழைபட அறிந்தவன், நோய் மீண்டும் வரும்போது பிழையான வாயிலையே அடைக்க ஓடுவான்.

1955 இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேரியாவை வேரோடு களைவதற்குத் திட்டம் வகுத்தது. ஆயத்தம், தாக்குதல், உறுதிப்படுத்தல், பேணல் என நான்கு படிகள் அதில் இருந்தன. மூன்றாம் படியிலே தெளித்தலை நிறுத்திவிடலாம். எஞ்சியிருக்கும் நோயாளரைத் தேடிக் கண்டு தீர்த்தலே போதும் என்பது விதி. இலங்கை அவ்விதியின்படியே நடந்தது. 1963 ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் காணப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. அவருள்ளும் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து நோயைக் கொண்டுவந்தவர்.

பதினேழு என்னும் இவ்வெண்ணை மாணவர் மனத்தில் இருத்துக. நூற்றாண்டுக்கணக்காக நாட்டை வாட்டிய நோய் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் அடங்கிவிட்டது. பணத்தை வேறு தேவைக்குத் திருப்புவோம் என்று அரசு எண்ணியதில் வியப்பில்லை. தெளித்தல் நின்றது. தெளித்தலை நிறுத்தலாம் என்ற விதியோடு கூடவே, காவலை இறுக்குதல் வேண்டும் என்ற விதியும் இருந்தது. அதுவோ தளர்ந்தது. காய்ச்சற்காரரின் இரத்தத்துளியை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்க்கும் வேலை, ஒன்றும் காணப்படாத நாட்களிலே சலிப்பூட்டும் வேலையாயிற்று. எலகெரவில் மாணிக்கக்கல் அகழவும், காட்டில் சேனை வெட்டவும் மக்கள் திரண்டு சென்றனர். குழிகளில் நீர் நின்றது. காவலோ அங்கு இல்லை. 1969 இலே நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தையும் கடந்தது. மீண்டும் டி.டி.ரீ.யைக் கையிலெடுத்தபோது, நுளம்பு அதனைத் தாங்கப் பழகிவிட்டதென்பது தெரிந்தது. 1970 களின் நடுப்பகுதியிலே மலத்தியன் என்னும் விலைகூடிய மருந்துக்கு மாறவேண்டியதாயிற்று.

குற்றம் எவருடையது? அரசியல்வாதிமேற் பழியைச் சுமத்திவிடுதல் எளிது. ஆயினும் அது நியாயமன்று. தெளித்தலை நிறுத்தலாம் என்று எழுதியவர் விஞ்ஞானிகளே. தம் திட்டத்தில் அவர்களுக்கிருந்த நம்பிக்கை, தம் சான்றுக்கு மிஞ்சியதாயிருந்தது. அரசோ அறிவுரையில் இனிய பாதியை ஏற்றது. கடினமான பாதியைக் கைவிட்டது. ஆலோசகன் ‘இதனைச் செய்யலாம்’ என்று சொல்லும்போது, ‘இந்நிபந்தனை தவறின் செய்யற்க’ என்பதையும் அதே வாக்கியத்தில், அதே அழுத்தத்தோடு சொல்லுதல் வேண்டும். இஃது இரண்டாம் பாடம்.

நீண்ட வழி

அதன்பின் நாடு வந்த வழி நெடியது. உள்நாட்டுப் போர்க்காலத்திலே வடக்கிலும் கிழக்கிலும் மலேரியா பெருகியது. இடம்பெயர்ந்தோர் முகாமிலும் மரநிழலிலும் குளிர்காய்ச்சலால் நடுங்கிய நாட்களை நம் வாசகர் பலர் மறந்திரார். 1999 இல் நாட்டின் நோயாளர் தொகை இரண்டரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அத்தகைய காலத்திலும் இரத்தத்துளி எடுப்பவரும் மருந்து தெளிப்பவரும் நுளம்புவலை கொடுப்பவரும் தம் பணியை விடவில்லை. அவர்களது பொறுமையின் பயனாக நோய் ஆண்டுதோறும் குறைந்துவந்தது. 2012 ஒற்றோபர் மாதத்தோடு உள்நாட்டிலே தொற்றிய மலேரியா ஒழிந்தது. 2016 செத்தெம்பர் மாதத்திலே உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

1963 இற்கும் 2016 இற்கும் உள்ள வேற்றுமை யாது? முன்னையது ஓர் எண். பின்னையது ஒரு சான்றிதழ். இரண்டும் ஒரே வினாவையே நம்முன் வைக்கின்றன. நோயில்லாத காலத்தில் காவலுக்குக் கூலி கொடுப்பவர் யார்?

கிணற்றடியில் ஒரு செய்தி

சான்றிதழ் கிடைத்து நான்கு மாதம் ஆகுமுன்னரே, 2016 திசெம்பரில், மன்னார்த் தீவிலே அனோபிலிசு இசுரெபன்சி என்னும் புதிய நுளம்பு காணப்பட்டது. பின்னர் யாழ்ப்பாண நகரிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களிலே மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அது. மேற்கூறிய பழைய நுளம்புக்கு ஆற்றுக் குட்டை வேண்டும். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றன்றி ஆறில்லாத நம் குடாநாட்டிலே அதற்கு இடம் குறைவு. புதிய நுளம்புக்கோ கிணறும் நீர்த்தொட்டியும் மேனிலைத் தாங்கியும் போதும். கிணறில்லாத வளவு நம்மிடையே எத்தனை?

இது வீண் அச்சமோ என வினவுவோர் ஆபிரிக்காவிலுள்ள சிபுத்தி நாட்டை நோக்குக. மலேரியாவை ஏறக்குறைய ஒழித்திருந்த அந்நாட்டில் 2012 இலே நோயாளர் 27 பேர். அவ்வாண்டிலேயே இந்நுளம்பு அங்கே காணப்பட்டது. 2020 இலே நோயாளர் தொகை 73,000 ஐத் தாண்டிற்று. நம் நாட்டிற்கும் வெளிநாடுகளிலிருந்து மலேரியாக் கிருமியை உடலிற் கொண்டு திரும்புவோர் ஆண்டுதோறும் உளர். கிருமியும் வருகின்றது, அதனைச் சுமக்கத் தக்க நுளம்பும் இருக்கின்றது. இவ்விரண்டையும் சேரவிடாது காப்பது, காய்ச்சல் கண்டவுடன் இரத்தத்தைச் சோதிப்பதும், கிணற்றில் குடம்பியை உண்ணும் மீனை விடுவதும், தாங்கியை மூடிவைப்பதும் போன்ற சிறு செயல்களே.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற்றுறையினர் இத்துறையில் ஆற்றிவரும் பணி நாம் பெருமைகொள்ளத்தக்கது. பேராசிரியர் சுரேந்திரன், பேராசிரியர் ரஞ்சன் இராமசாமி முதலியோர் 2011 இலும் அதன் பின்னரும் வெளியிட்ட ஆய்வுகளிலே மற்றொரு செய்தியும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஈடிசு நுளம்பு நன்னீரிலேயே முட்டையிடும் என்பது பாடநூல்கள் பலகாலம் கூறிவந்த கொள்கை. கிழக்கிலும் யாழ்ப்பாணத்திலும் கரையோரத்துச் சவர்நீரிலும், கைவிடப்பட்ட படகுகளில் தேங்கிய நீரிலும், உவர்ந்த கிணறுகளிலும் அதன் குடம்பிகள் வளர்வதை இவர்கள் காட்டினர். நன்னீர்ப் பாத்திரங்களை மட்டும் தேடிக் கவிழ்ப்பது கரையோர ஊர்களுக்குப் போதாது என்பதே இதன் கருத்து. 2017 இலே நாடு முழுவதும் 1,86,000 பேரை டெங்கு பீடித்தது என்பதை நினைந்தால், இக்கண்டுபிடிப்பின் பெறுமதி விளங்கும். கிணற்றில் வாளியை இறக்கி நீரை அள்ளி, வெள்ளைத் தட்டில் ஊற்றி, உள்ளதை உள்ளவாறு எண்ணியதால் வந்த அறிவு இது.

விஞ்ஞானத்தின் பெயரால்

அறிவுரை கேளாமை ஒரு தீங்கு. அறிவுரையின் பெயரைப் போர்வையாகக் கொள்வது அதனினும் பெருந்தீங்கு. கொறோனாத் தொற்றின்போது 2020 ஏப்பிரலிலே, அந்நோயால் இறந்தோரின் உடலைத் தகனமே செய்தல் வேண்டும் என்று வர்த்தமானியிற் பிரசுரிக்கப்பட்டது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்பது கூறப்பட்ட காரணம். அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே தெரிவித்திருந்தது. நீரினால் நோய் பரவும் என்பதற்குச் சான்று எவரும் காட்டினாரல்லர். முசுலிம் மக்களின் பச்சிளங் குழந்தையின் உடலும் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகத் தீயிலிடப்பட்டது. இலங்கை மருத்துவச் சங்கம் அடக்கத்துக்கு இடமளிக்கலாம் என வெளிப்படையாகக் கூறியது. 2021 பெப்புருவரியின் இறுதியிலேயே தடை நீங்கியது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

நாம் கிணற்று நீரையே நம்பி வாழ்பவர். நீர் மாசுபடும் என்ற சொல் நம்மை உடனே அச்சுறுத்தும். ஆதலினாலேயே அச்சொல்லை எவர் சொன்னாலும், எந்த ஆய்வு, எந்த அளவை, எத்தனை கிணறு என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். ‘நிபுணர் சொன்னார்’ என்பது சான்றன்று. நிபுணர் எதைக் கண்டு சொன்னார் என்பதே சான்று. இது மூன்றாம் பாடம்.

இளம் ஆராய்ச்சியாளருக்கு

இனி, இத்துறையிற் புக விரும்பும் இளைஞருக்குச் சில வார்த்தைகள்.

இப்பணியிலே புகழ் குறைவு. நோயைத் தீர்த்த மருத்துவனை நோயாளி அறிவான். வராமற் போன நோயைத் தடுத்தவனை ஒருவரும் அறியார். வராத காய்ச்சலுக்கு நன்றி சொல்ல எவரும் படலையைத் திறந்து வருவதில்லை. மேலும், வெளிநாட்டு ஆய்வேட்டில் வந்த கட்டுரை பதவியுயர்வுக்குக் கணக்கிடப்படும். சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு பெரும்பாலும் கணக்கிடப்படுவதில்லை. ஆயினும் அவ்விரண்டு பக்கமே ஓர் ஊரின் கிணறுகளைக் காக்கக்கூடும். இரண்டையும் எழுதுக. ஒன்று உலகுக்கு, மற்றது ஊருக்கு.

ஊருக்கு எழுதுவது ஊரார் மொழியில் அமைதல் வேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் இதனை நன்குணர்ந்தவர். ஆங்கிலத்திற் கற்பித்தால் மாணவர் ஊரைவிட்டு உத்தியோகம் நாடிப்போவர். தமிழிற் கற்பித்தால் ஊரிலே தங்கி மக்களுக்கு உதவுவர் என்று கருதி, மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே கற்பித்தார். 1873 இலே அவர் நாடு திரும்பியபோது தமிழில் ஒரு மருத்துவ நூற்றொகுதியை நமக்கு விட்டுச் சென்றார். பிறநாட்டார் ஒருவர் செய்த அப்பணியை நம்மவர் தொடர்தல் கடன். குடம்பி என்றால் என்ன, அது ஏன் கிணற்றில் வளர்கின்றது, மீனை ஏன் விடுகின்றோம் என்பவற்றை ஒரு குடும்பத்தலைவிக்கு விளங்கச் சொல்ல முடியாதவன், அமைச்சருக்கும் விளங்கச் சொல்லமாட்டான்.

அடுத்து, தெரிந்ததையும் தெரியாததையும் வேறு வேறாகச் சொல்லுக. இது உறுதி, இது பெரும்பாலும் இவ்வாறு, இது இன்னும் ஆராயத்தக்கது என்று மூவகையாகப் பிரித்துரைப்பவனுடைய சொல் ஒருநாள் பொய்த்தாலும், அவன்மேல் உள்ள நம்பிக்கை பொய்க்காது. எல்லாவற்றையும் ஒரே உறுதியோடு சொல்பவன் ஒருமுறை தவறினால், பின் அவன் உண்மை சொன்னாலும் கேட்பார் இரார்.

இறுதியாக, நோயில்லாத காலத்திலும் பேசுக. கொள்ளைநோய் பரவும்போது ஆலோசகனைத் தேடி அரசே வரும். எண்ணிக்கை பதினேழாக இருக்கும்போது, அவனே அரசின் வாயிலைத் தேடிச் செல்லவேண்டும். அப்பொழுது அவன் சொல் கசக்கும், செலவு வீண் என்பர், அச்சமூட்டுகிறான் என்பர். அவ்வேளையிற் சொல்வதே அவன் தொழிலின் சாரம்.

நம் கல்லூரியின் பழைய மாணவர்க்கும் இதிலே பங்குண்டு. கச்சேரியிலும் மாநகர சபையிலும் வைத்தியசாலையிலும் பாடசாலையிலும் அவர் பலராய் இருந்திருக்கின்றனர், இன்றும் இருக்கின்றனர். ஓர் இளைஞன் தன் இரண்டு பக்கக் குறிப்பை மேசையில் வைத்துவிட்டுத் தயங்கி நிற்கும்போது, அதனைக் கோப்புக்குள் இடுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பது அவர்கள் கையில் இருக்கின்றது. மாணவரோ இன்று மாலை வீடு சென்றதும், தம் கிணற்றில் ஒரு வாளி நீர் அள்ளி வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றிப் பார்ப்பாராக. அதில் ஏதேனும் நெளிந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிப்பாராக. நாட்டுக்கு அறிவுரை கூறும் கல்வியின் முதற்பாடம் அதுவே.